கம்பெனி வீட்டிலிருந்து பிளேர் மலை வரை

கட்டில், அடுப்பு, பாத்திரம் பண்டம், குழந்தையின் தொட்டில் எல்லாவற்றையும் தூக்கி வெளியே போட்டார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. வீட்டுப் பெண்கள் நனைந்துகொண்டே சாமான்களைப் பொறுக்கி ஒதுக்கினார்கள். 1920 மே 19 அன்று, அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், டக் ஆற்றங்கரையில் இருக்கும் மேட்வான் என்ற சிற்றூரை ஒட்டிய நிலக்கரிக் குடியிருப்பில் நடந்தது இது. வெளியே போடப்பட்டவர்கள் வாடகை பாக்கி வைத்தவர்கள் இல்லை. அந்த வீடுகளின் ஆண்கள் தொழிற்சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். அதற்காக முதலில் வேலை போனது. வேலை போனதால் வீடும் போனது.

அன்று மாலைக்குள் மேட்வானில் பத்துப் பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அடுத்த பதினைந்து மாதங்களில் அது வளர்ந்து வளர்ந்து, ஏறக்குறைய பத்தாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கி ஏந்தி மலையேறிய போராக முடிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்த நாட்டு மண்ணில் நடந்த மிகப் பெரிய ஆயுத எழுச்சி இதுதான். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சுவாரசியமாக இருக்கும், சரி. ஆனால் வாசலில் கிடந்த அந்தக் கட்டிலிலிருந்து தொடங்கினால்தான் இது ஏன் நடந்தது என்பது விளங்கும் என்று நான் நினைக்கிறேன்.

அப்பலாச்சியா என்பது அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் நெடுக ஓடும் மலைத்தொடர். மேற்கு வர்ஜீனியா முழுக்க முழுக்க அந்த மலைக்குள் அடங்கிய மாநிலம். அதன் தென்பகுதியில் சமவெளி என்று சொல்ல இடமே கிடையாது. இரண்டு மலைச்சரிவுகள், நடுவே ஓர் ஓடை, ஓடையோரம் ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். 1892ல் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில் பாதை டக் ஆற்றோரமாக ஒஹையோ வரை போய்ச் சேர்ந்தது. அதுவரை மலைக்குள் சும்மா கிடந்த நிலக்கரிக்கு அன்றைக்குத்தான் சந்தை கிடைத்தது. மலைவாசிகளிடமிருந்து நிலத்தையும் நிலத்தடி உரிமையையும் வெளியூர்க் கம்பெனிகள் முன்கூட்டியே வாங்கிப் போட்டிருந்தன. தலைமுறை தலைமுறையாகச் சோளம் விதைத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த குடும்பங்கள், தங்கள் மலையிலேயே கூலிக்காரர்களாக இறங்க வேண்டியதாயிற்று.

கரி வெட்ட ஆள் வேண்டும், ஆள் தங்க இடம் வேண்டும். அங்கே ஊர் இல்லாததால் கம்பெனியே ஊரைக் கட்டியது. ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாகப் பலகை வீடுகள், ஒரு கடை, ஒரு பள்ளி, ஒரு தேவாலயம், ஒரு டாக்டர். எல்லாம் கம்பெனியுடையது. 1920களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கத் தொழிலாளர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பேர் இப்படிக் கம்பெனி வீட்டில்தான் குடியிருந்தார்கள். அங்கே கம்பெனிக்கு வெளியே வாழ்க்கையே இல்லை. அதிலும் சட்டம் கம்பெனி பக்கம் இருந்தது. தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் இடையே இருப்பது வீட்டுக்காரர், குடித்தனக்காரர் உறவு இல்லை, எஜமான், வேலைக்காரன் உறவுதான் என்று மாநில நீதிமன்றங்கள் பார்த்தன. குடித்தனக்காரர் என்றால் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவகாசம் தர வேண்டும். வேலைக்காரனுக்கு எதுவும் வேண்டாம். வேலை போன அன்றே அவன் கூரையும் போய்விடும். சுரங்கத்தில் புருஷன் செத்துப்போனால், கரி வெட்டப் போக ஆண்பிள்ளை இல்லாத அந்த வீட்டில் விதவையும் பிள்ளைகளும் நெடுநாள் தங்க வழியில்லை.

சாவு அடிக்கடி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1907 டிசம்பர் 6 அன்று இதே மாநிலத்தின் வடபகுதியில் மொனோங்கா சுரங்கம் வெடித்ததில் அதிகாரப்பூர்வக் கணக்குப்படி 362 பேர் இறந்தார்கள். அமெரிக்கச் சுரங்க விபத்துகளில் இன்றுவரை அதுதான் மிகக் கொடியது. இறந்தவர்களில் பாதிக்கு மேல் இத்தாலி, போலந்து போன்ற நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

கூலி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாள் கூலி கிடையாது, வெட்டிய கரியின் எடைக்குத்தான் காசு. சுரங்கத்துக்குள் மரத்தால் முட்டுக் கொடுப்பது, தேங்கிய தண்ணீரை இறைப்பது, கரிக்கு நடுவே வரும் பாறையை உடைத்து அப்புறப்படுத்துவது, இதற்கெல்லாம் பெரும்பாலும் கூலி இல்லை. உயிரைக் காப்பாற்றும் முட்டு வேலைக்குக் காசில்லை என்றால், அவசரத்தில் அதைக் குறைத்துக்கொண்டு கரி வெட்டத்தானே கை போகும்? வெடிமருந்தும் கருவிகளும் தொழிலாளியே வாங்க வேண்டும். கரி வண்டி ஒரு டன் பிடிக்கும் என்று எழுதியிருக்கும். பக்கப் பலகையை உயர்த்தி அதற்கு மேலேயும் ஏற்றச் சொல்வார்கள், கணக்கு மட்டும் ஒரு டன்னில் நிற்கும். எடை போடுகிறவர் கம்பெனி ஆள். கல் கலந்திருக்கிறது என்று அவர் கழித்தால் கழித்ததுதான். எடைத்தட்டின் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் நிற்கட்டும் என்பதுதான் அந்தக் காலத்துச் சுரங்கப் போராட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த கோரிக்கை. இதைவிட எளிய கோரிக்கை என்ன இருக்க முடியும்?

அப்புறம் அந்த டோக்கன். சம்பள நாளுக்கு முன் கைச்செலவுக்குக் காசு வேண்டும் என்றால், கம்பெனி பெயர் பொறித்த உலோக வில்லைகளைக் கொடுப்பார்கள். கம்பெனிக் கடையில் முழு மதிப்புக்குச் செல்லும். வெளிக்கடைக்காரர் வாங்கினால் மதிப்பைக் குறைத்துத்தான் எடுப்பார். வீட்டு வாடகை, டாக்டர் காசு, கருவி சாணை பிடித்த காசு, கடைப் பற்று எல்லாம் பிடித்துக்கொண்டு சம்பளச் சீட்டு வரும்போது, மாதம் முழுக்க வெட்டியவனுக்குக் கையில் வர ஒன்றும் இருக்காது.

இந்த ஏற்பாட்டைக் குலைக்கக்கூடிய ஒரே சக்தி சங்கம். அதனால்தான் கம்பெனிகள் சங்கத்தைக் கண்டு அவ்வளவு பயந்தன. சங்கத்தில் சேர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்ற ஒப்பந்தம் இருந்தது. 1917ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்த ஒப்பந்தங்களுக்கு ஆதரவாகத் தீர்ப்பு சொன்னது. கையெழுத்து போதாத இடத்துக்கு பால்ட்வின் ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் நிறுவனம் இருந்தது. பெயர்தான் துப்பறியும் நிறுவனம். சுரங்கக் காவலுக்கும், வீடு காலி செய்வதற்கும், சங்கத்துக்குள் உளவாளியை நுழைப்பதற்கும், தேவைப்பட்டால் அடிப்பதற்கும் அது ஆள் அனுப்பியது.

முதல் பெரிய மோதல் 1912ல் கனாவ மாவட்டத்தில், பெயின்ட் க்ரீக், கேபின் க்ரீக் என்ற இரண்டு ஓடைப் பள்ளத்தாக்குகளில் வெடித்தது. வேலைநிறுத்தம் செய்த குடும்பங்கள் வீடுகளிலிருந்து துரத்தப்பட்டுக் கூடாரங்களில் பனிக்காலத்தைக் கழித்தன. 1913 பிப்ரவரி 7 இரவு, இரும்புத் தகடு அடித்து இயந்திரத் துப்பாக்கி பொருத்திய ரயில் ஒன்று விளக்குகளை அணைத்துக்கொண்டு ஹோலி குரோவ் குடியிருப்பைக் கடந்துபோனது. போகிற போக்கில் வீடுகளையும் கூடாரங்களையும் பார்த்துச் சுட்டது. கர்ப்பிணி மனைவியைப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பப் போராடிய ஒரு தொழிலாளி அங்கேயே இறந்தார். அந்த ரயிலில் மாவட்டத்தின் காவல் தலைவரான ஷெரிஃபும் இருந்தார், ஒரு சுரங்க முதலாளியும் இருந்தார்.

இந்தப் போராட்டத்தில்தான் மதர் ஜோன்ஸ் அந்த மலைக்காரர்களின் மனதில் இடம்பிடித்தார். அயர்லாந்தில் பிறந்தவர். 1867ல் மெம்ஃபிஸ் நகரில் மஞ்சள் காய்ச்சலுக்குக் கணவரையும் நான்கு குழந்தைகளையும் பறிகொடுத்தவர். வயது எண்பதை நெருங்கும்போது, கறுப்பு உடையும் மூக்குக்கண்ணாடியுமாக ஓடைக்குள் இறங்கி நடந்து வந்து பேசுவார். ராணுவச் சட்டத்தின் கீழ் அவரைப் பிடித்து ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். சாதாரணக் குடிமக்களை ராணுவ நீதிமன்றம் விசாரித்தது நாடு முழுக்கக் கேள்வியாகி, கடைசியில் அமெரிக்க செனட் விசாரணை வரை போனது. அதே போராட்டத்தில் உருவான கேபின் க்ரீக் தொழிலாளி ஃபிராங்க் கீனி, சில வருடங்களில் யுனைடெட் மைன் ஒர்க்கர்ஸ் என்ற சுரங்கத் தொழிலாளர் சங்கத்தில், ‘17வது மாவட்டம்’ என்று பெயரிட்ட அந்தப் பகுதிக் கிளைக்குத் தலைவரானார்.

சங்கம் கனாவ பக்கம் வேரூன்றியது. தெற்கே லோகன், மிங்கோ போன்ற மாவட்டங்களில் நுழைய முடியவில்லை. லோகனில் ஷெரிஃப் டான் சேஃபின் இருந்தார். அவருடைய துணை ஷெரிஃப்களுக்குச் சம்பளத்தைக் கொடுத்தது சுரங்க முதலாளிகளின் அமைப்பு. சங்கக்காரர் ஒருவர் லோகன் ரயிலடியில் இறங்கினால் அடுத்த ரயிலில் திருப்பி அனுப்பப்படுவார், சில சமயம் அடி வாங்கிக்கொண்டு. மிங்கோவில் 1920 வசந்த காலத்தில் நிலைமை மாறியது. ஆயிரக்கணக்கானவர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். மேட்வானின் மேயர் கேபெல் டெஸ்டர்மன், போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்ட் இருவரும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். சிட் ஹாட்ஃபீல்டுக்கு வயது இருபத்தேழுதான். சுரங்கத்தில் வேலை செய்தவர். சிரித்தால் தங்கப் பற்கள் தெரியும். முதலாளிகள் அவரை விலைக்கு வாங்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

மே 19 மாலைக்குத் திரும்புவோம். வீடுகளைக் காலி செய்த பால்ட்வின் ஃபெல்ட்ஸ் ஆட்கள் ஓட்டலில் சாப்பிட்டு முடித்து, மாலை ரயிலுக்காக நடந்தார்கள். அவர்களில் நிறுவனத் தலைவரின் தம்பிகள் ஆல்பர்ட் ஃபெல்ட்ஸ், லீ ஃபெல்ட்ஸ் இருவரும் இருந்தார்கள். உங்களைக் கைது செய்ய வாரண்ட் இருக்கிறது என்றார் சிட். உன்னைக் கைது செய்ய எங்களிடம் வாரண்ட் இருக்கிறது என்றார் ஆல்பர்ட். மேயர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்து, இது செல்லாது என்றார். கடைகளின் கதவுக்கும் ஜன்னலுக்கும் பின்னால் தொழிலாளிகள் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். முதல் குண்டு யாருடையது என்பதில் அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு கதைகள் உண்டு. ஃபெல்ட்ஸ் சகோதரர்கள் உட்பட அவர்கள் பக்கம் ஏழு பேர் செத்தார்கள். தொழிலாளிகள் இரண்டு பேர். வயிற்றில் குண்டு பாய்ந்த மேயரும் பிழைக்கவில்லை. இரண்டு வாரத்தில் சிட் மேயரின் மனைவி ஜெஸ்ஸியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்காகத்தான் மேயரைச் சிட்டே சுட்டார் என்று ஃபெல்ட்ஸ் தரப்பு பரப்பியது. தனக்கு ஏதாவது ஆனால் மனைவியைப் பார்த்துக்கொள்ளும்படி மேயரே சிட்டிடம் சொல்லியிருந்தார் என்றார் ஜெஸ்ஸி. வழக்கில் ஜூரி சிட்டையும் கூட இருந்தவர்களையும் விடுவித்தது.

இதற்கிடையே 1920 ஜூலையில் மிங்கோவில் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது. மறுபடி கூடாரம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனிக் குடியிருப்பில் கறுப்பர்களுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வரிசை, வெள்ளை மலைவாசிகளுக்கு ஒரு வரிசை என்று பிரித்து வைத்திருந்தார்கள். வேறு வேறு சாதி சனம் ஒன்று சேராது என்ற கணக்கு அது. வீட்டை விட்டுத் துரத்தியபோது அந்த வரிசைகள் கலைந்தன. தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பர், இத்தாலியர், ஹங்கேரியர், உள்ளூர் வெள்ளையர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்தில் ஒரே குளிரில் கிடந்தார்கள். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த 1920ல் இது நடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அன்றைய பத்திரிகைகள் இதைப் பார்க்கவில்லை. ஹாட்ஃபீல்ட், மெக்காய் என்ற இரண்டு குடும்பங்களின் பழைய பகை இதே டக் ஆற்றங்கரையில் நடந்ததால், மலைக்காரன் என்றால் முரடன், அவன் ரத்தத்திலேயே சண்டை இருக்கிறது என்று எழுதிப் பழகியிருந்தார்கள். மேட்வானையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அலபாமாவிலிருந்து வந்த கறுப்பருக்கும் இத்தாலியிலிருந்து வந்தவருக்கும் எந்த மலைக்குடும்பத்தின் ரத்தம் ஓடியது? ரத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவரை வீட்டைப் பற்றியும் எடையைப் பற்றியும் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முதலாளிகளுக்கு அது வசதியாக இருந்தது.

1921 மே மாதம் மிங்கோவில் ராணுவச் சட்டம் வந்தது. தொழிலாளிகள் விசாரணையில்லாமல் சிறைக்குப் போனார்கள். ஆகஸ்ட் 1 அன்று, வேறொரு வழக்குக்காகச் சிட் ஹாட்ஃபீல்டும் அவருடைய நண்பர் எட் சேம்பர்ஸும் பக்கத்து மாவட்டத்தில் உள்ள வெல்ச் நீதிமன்றத்துக்கு மனைவிகளோடு வந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. நீதிமன்றப் படிக்கட்டில் ஏறும்போது மேலே நின்ற ஃபெல்ட்ஸ் ஆட்கள் சுட்டார்கள். சிட் அங்கேயே இறந்தார். விழுந்து கிடந்த எட் சேம்பர்ஸிடம் சி. இ. லைவ்லி என்பவர் வந்து தலையில் சுட்டார். எட்டின் மனைவி சாலி கையிலிருந்த குடையால் அந்த ஆளை அடித்தார். லைவ்லி யார் என்று சாலிக்குத் தெரியும். மேட்வானில் சங்க அலுவலகத்துக்குக் கீழே உணவகம் நடத்தி, சங்கக்காரராக நடித்து, எல்லார் பேச்சையும் கேட்டு ஃபெல்ட்ஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்த உளவாளி. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள். அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டனை பெறவில்லை.

சட்டம் தங்களுக்கு இல்லை என்பது அந்தப் படிக்கட்டில் தொழிலாளிகளுக்கு உறுதியாகிவிட்டது. ஆகஸ்ட் மூன்றாம் வாரம் மாநிலத் தலைநகர் சார்ல்ஸ்டன் அருகே மார்மெட் என்ற ஊரில் திரளத் தொடங்கினார்கள். மிங்கோவுக்கு நடந்துபோய்ச் சிறையில் இருப்பவர்களை மீட்பது, ராணுவச் சட்டத்துக்கு முடிவு கட்டுவது என்பது திட்டம். வழியில் லோகன். ஆளுக்கு ஆள் அடையாளம் தெரிய கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. ‘ரெட்நெக்’ என்ற பழைய வசைச்சொல் இவர்களைக் குறிக்கவும் வழங்கியது. அவர்கள் அதைப் பெருமையாகவே கட்டிக்கொண்டார்கள். முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர், சிலர் ராணுவச் சீருடையிலேயே வந்தார்கள்.

ஆகஸ்ட் 24 அன்று மதர் ஜோன்ஸ் வந்தார். வழக்கம்போல் நெருப்பு மூட்டுவார் என்று எதிர்பார்த்தவர்களைத் திரும்பிப் போகச் சொன்னார். அதிபர் ஹார்டிங்கிடமிருந்து தந்தி வந்திருக்கிறது, சுரங்கக் காவல்காரர்களை ஒழித்துவிடுவதாக உறுதி சொல்கிறார் என்று ஒரு காகிதத்தைப் படித்தார். கீனி அந்தக் காகிதத்தைக் கேட்டார். அவர் காட்ட மறுத்தார். விசாரித்ததில் அப்படி ஒரு தந்தியே இல்லை. அந்த மக்கள் தாயாக நினைத்த பெண், அவர்களிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார். ஆனால் அதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே போகிறார்கள், செத்துப்போவார்கள் என்று அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கத் தொழிலாளர் சவ ஊர்வலங்களைப் பார்த்தவர் அவர்.

ஊர்வலம் கிளம்பியது. இரண்டு நாள் கழித்து, ராணுவத் தளபதியின் எச்சரிக்கையைக் கேட்ட கீனியே மாடிசன் ஊர் விளையாட்டுத் திடலில் பேசிப் பலரைத் திருப்பி அனுப்பினார். திரும்ப ரயில்களுக்குக்கூட ஏற்பாடு நடந்தது. அப்போது சேஃபின் ஆட்கள் இரவில் ஷார்ப்பிள்ஸ் என்ற சுரங்க ஊருக்குள் புகுந்து சுட்டதில் தொழிலாளிகள் செத்தார்கள் என்ற செய்தி வந்தது. திரும்பியவர்கள் மறுபடி திரும்பினார்கள்.

பிளேர் மலை உச்சியில் சேஃபின் ஏறக்குறைய மூவாயிரம் பேரோடு பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்திருந்தார். ஆகஸ்ட் 31 காலை, சுரங்கத் தொழிலாளியும் பாப்டிஸ்ட் போதகருமான ஜான் வில்பர்ன் சுமார் எழுபது பேருடன் காட்டுக்குள் ஏறினார். எதிரே சில பேர் வந்தார்கள். யார் எவர் என்று தெரியவில்லை. கடவுச்சொல் கேட்டார்கள். எதிரே வந்தவர்கள் ‘ஆமென்’ என்றார்கள். அது சேஃபின் தரப்பின் கடவுச்சொல். ஒரு போதகருக்கு அந்தச் சொல்லே சுடுவதற்கான அடையாளமாகிப்போனது. மூன்று துணை ஷெரிஃப்களும் ஒரு தொழிலாளியும் இறந்தார்கள்.

அடுத்த சில நாட்கள் மலை முழுக்கச் சண்டை. பத்து லட்சம் தோட்டாக்கள் சுடப்பட்டிருக்கும் என்பது மதிப்பீடு. இறந்தவர்களின் கணக்கு 16லிருந்து 100 வரை ஆளுக்கு ஆள் மாறுகிறது. சேஃபின் தனியார் விமானங்களை வாடகைக்கு எடுத்து, கையால் செய்த குண்டுகளை மலைமீது போடச் செய்தார். ராணுவமும் விமானங்களைக் கொண்டுவந்தது, ஆனால் அவை உளவு பார்க்க மட்டும் பறந்தன. விழுந்த குண்டுகளில் வெடிக்காமல் கிடந்த ஒன்றைத் தொழிலாளர் தரப்பு பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

செப்டம்பர் முதல் வாரத்தில் மத்திய அரசின் படை வந்ததும் போர் நின்றது. தோற்று நிற்கவில்லை. அவர்கள் சேஃபினைச் சுட வந்தவர்கள், அமெரிக்கச் சீருடையைச் சுட வந்தவர்கள் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் அதே சீருடையில் பிரான்ஸில் நின்றவர்களும் அதில் இருந்தார்கள். பலர் துப்பாக்கியைக் காட்டுக்குள்ளும் பாறை இடுக்கிலும் ஒளித்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்கள்.

அப்புறம் வழக்குகள். 985 பேர்மீது கொலை, சதி, மாநிலத்துக்கு எதிரான தேசத்துரோகம் என்று குற்றச்சாட்டு. 1922ல் சார்ல்ஸ் டவுன் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. 1859ல் அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் எடுத்த ஜான் பிரவுனுக்குத் தூக்குத் தண்டனை கொடுத்த அதே ஊர். அரசுத் தரப்பில் வாதாடியவர்கள் முதலாளிகளின் வக்கீல்கள். பில் பிளிஸர்ட் என்ற இளைஞரைத்தான் தளபதி என்று நிறுத்தினார்கள். வெடிக்காத அந்தக் குண்டைத் தொழிலாளர் தரப்பு கொண்டுவந்து நீதிமன்றத்தில் வைத்தது. ஜூரி பிளிஸர்டை விடுவித்தது.

ஆனாலும் சங்கம் நொறுங்கிவிட்டது. வழக்குச் செலவே அதைத் தின்றது. உறுப்பினர்கள் கொத்துக் கொத்தாக விலகினார்கள். கம்பெனி வீடு கம்பெனியிடமே இருந்தது. சங்கம் அமைக்கும் உரிமையை 1933ல் ரூஸ்வெல்ட் ஆட்சியின் தொழில் சட்டம் ஏற்றுக்கொண்ட பிறகுதான், லோகன், மிங்கோ தொழிலாளிகள் பயமில்லாமல் பெயர் கொடுக்க முடிந்தது.

மலையேறியவர்கள் வீட்டில் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசினால் வழக்கு வரும், வேலை போகும் என்ற பயம் போகவில்லை. மாநிலத்தின் பள்ளிப் பாடப்புத்தகங்களிலும் பல பத்தாண்டுகள் இது இல்லை. பிளேர் மலையை 2009ல் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்து, அதே வருடம் நீக்கினார்கள். அந்த மலைக்கு அடியிலும் கரி இருக்கிறது, மலை உச்சியையே வெடிவைத்துத் தகர்த்துக் கரி எடுக்கும் முறையும் வந்திருந்தது. நீக்கியது தவறு என்று 2016ல் நீதிமன்றம் சொன்னது. 2018ல் மலை மறுபடி பட்டியலுக்கு வந்தது. மலையைப் பட்டியலில் மறுபடி சேர்க்கும் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் வரலாற்று ஆசிரியர் சார்ல்ஸ் கீனி, ஃபிராங்க் கீனியின் கொள்ளுப்பேரன். மேட்வானில் 2015ல் திறந்த அருங்காட்சியகத்தில் இன்று அந்த டோக்கன்களைப் பார்க்கலாம். ஊரில் பழைய தபால் நிலையத்தின் செங்கல் சுவரில் 1920ன் குண்டுத் துளைகளும் அப்படியே இருக்கின்றன.